மோரிஸ் மைனரின் முன் சக்கரத்தைப் பிடித்திருப்பது கீழ் மரைதான்

மோரிஸ் மைனரை விரும்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பார்கள், அடுத்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் இந்தக் காரில் ஓட்டுபவரின் உயிர் தொங்குவது அங்கேதான். சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னின் அடியில், கையில் அடங்கும் ஒரு இரும்புத் துண்டுக்குள் இருக்கும் மரைதான் முன் சக்கரத்தைக் காரோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மரை தேய்ந்துபோனால் சக்கரம் மடங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

1948-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த இந்தக் காரின் இன்ஜின் பலமுறை மாறியது. 918 சிசியில் தொடங்கி 803, 948, கடைசியில் 1098 என்று போனது. முன் சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு மட்டும் கடைசிவரை மாறவே இல்லை. இலங்கையில் இன்னும் மைனர்கள் ஓடுகின்றன. 1990-களில் அங்கேயே பாகங்கள் செய்து பிரிட்டனுக்கு அனுப்பியதும் உண்டு. அதனால் பாகம் கிடைக்காது என்ற சாக்கு இந்தக் காருக்குப் பொருந்தாது.

வேலையில் இறங்கும் முன், எடை எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரிந்தால் சோதிப்பது, கிரீஸ் அடிப்பது, கழற்றுவது மூன்றும் தானாகவே சரியாக வரும். மைனரின் முன்புறத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாக்கில், காரின் தளத்துக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி ஓடுகிறது. அதன் முன் முனை, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையான லோயர் ஆர்மில் பல் கோர்த்து நிற்கும், பின் முனை ஒரு லீவர் வழியாகக் குறுக்குச் சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். கம்பி முறுக்கிக்கொள்வதால் வரும் விசை லோயர் ஆர்மின் வெளிமுனையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த வெளிமுனையில், முதலில் சொன்ன இரும்புத் துண்டான கீழ் டிரன்னியன் இருக்கிறது. கிங் பின்னின் அடிப்பகுதி அதற்குள் மரையால் திருகி நிற்கிறது. சாலை சக்கரத்தையும் கிங் பின்னையும் மேலே தள்ளுகிறது, டார்ஷன் பார் டிரன்னியனைக் கீழே தள்ளுகிறது. இரண்டையும் பிரித்து இழுக்கும் அந்த விசை முழுவதையும் மரையின் பற்களே தாங்குகின்றன. மேல் டிரன்னியனுக்கு இந்தப் பாரம் இல்லை. அது கிங் பின் காலை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் துண்டை, நேராக நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. தேய்மானத்தில் முதலில் சாவது எப்போதும் கீழ் மரை என்பதற்குக் காரணம் இதுதான்.

இது உடையும் விதமும் ஒரே மாதிரி இருக்கும். வேகமாகப் போகும்போதைவிட, பார்க்கிங் செய்ய ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். மரை அந்த நேரத்தில் சுழல்கிறது, மிச்சமிருக்கும் மெல்லிய பற்கள் வழுக்குகின்றன, கிங் பின் டிரன்னியனை விட்டு வெளியே வந்துவிடுகிறது. காரின் ஒரு மூலை தரையில் உட்காரும், மட்கார்டும் நசுங்கும். இதே நேரம் நெடுஞ்சாலையாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதிப்பதில் பலரும் செய்வது ஜாக்கியை பாடிக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது. இந்தக் காரில் அது ஏமாற்றும். பாடியைத் தூக்கினாலும் டார்ஷன் பார் லோயர் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டேதான் இருக்கும். மரையின் பற்கள் ஒரே பக்கமாக இறுகி நிற்பதால் ஆட்டம் தெரியாது. ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அருகில், டிரன்னியனுக்குச் சற்று உள்ளே கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். இப்போது டார்ஷன் பாரின் விசையை ஜாக்கி வாங்கிக்கொண்டது, மரை விடுதலை ஆகிவிட்டது. டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக மேலே நெம்புங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து கீழ் டிரன்னியனுக்கும் கிங் பின்னுக்கும் நடுவே பார்க்கட்டும். புதுசிலேயே மயிரிழை அசைவு இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி பின் ஏறி இறங்கினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதை கிரீஸ் அடிப்பதற்கு முன்பே செய்யுங்கள். கெட்டியான புது கிரீஸ் மரை இடுக்கில் நிரம்பினால் தேய்ந்த ஜோடிகூட அரை நாளைக்கு இறுக்கமாகத் தெரியும். கார் விற்பவர் "இப்பத்தான் கிரீஸ் போட்டோம்" என்று சொன்னால் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

அடுத்து டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவிக்கு இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் குற்றம் வீல் பேரிங்கில். மிதித்த பிறகும் இருந்தால் மேலே டாம்பர் (ஷாக் அப்சார்பர்) முனையையும் கீழே டிரன்னியனையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். எங்கே அசைகிறது என்பது கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் ரேக்கும் பேசும்.

மைனரில் மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் லீவர் ஆர்ம் டாம்பரின் கையே மேல் ஆர்மாக வேலை செய்கிறது. இதைக் கவனிக்காதவர்கள் கிங் பின், புஷ், டை ராட் எண்ட் என்று எல்லாவற்றையும் புதுசாகப் போட்டுவிட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் இன்னும் நடுங்குகிறதே என்று திகைப்பார்கள். டாம்பரின் உள் தண்டு தேய்ந்திருந்தால் சக்கரத்தின் மேல்பகுதி சும்மா ஆடும். தண்டின் ஓரம் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தால், கையைப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தால் நகர்ந்தால், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர் மாற்று கிட் போட்டாலும் பல கிட்களில் பழைய லீவர் டாம்பர் மேல் ஆர்மாக அங்கேயேதான் இருக்கும். தேய்ந்த டாம்பரோடு அந்தக் கிட்டைப் போடுவது வீண் செலவு.

பாகங்களை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். கிங் பின் கால் 2, மேல் டிரன்னியன் 2, கீழ் டிரன்னியன் 2, கீழ் டிரன்னியனை லோயர் ஆர்மோடு கோர்க்கும் கீழ் பின் 2 அதற்கான ரப்பர் சீல்களோடு, மேல் ரப்பர் புஷ் 4, லோயர் ஆர்மின் உள்முனையைச் சட்டத்தில் பிடிக்கும் ஐபோல்ட்டுக்கான புஷ் 4, லோயர் ஆர்மை முன்பக்கமாகப் பிடித்து நிறுத்தும் டை பாருக்கான ரப்பர் 4, டை ராட் எண்ட் 2, ரேக் பூட் 2. கூடவே கிரீஸ் நிப்பிள்கள், எல்லா அளவிலும் ஸ்பிளிட் பின், லாக் வாஷர். கால்களை டிரன்னியன் பொருத்தியே ஜோடியாக வாங்குவது நல்லது. சில ரீகண்டிஷன் கால்களில் மரையைச் சற்றுச் சிறிதாக்கி வெட்டி, அதற்கென்று செய்த டிரன்னியனைச் சேர்த்துத் தருவார்கள். அதை வேறு காலில் திருகினால் புதுசிலேயே ஆட்டம் இருக்கும். இன்னொன்று, இடது வலது இரண்டுக்கும் மரையின் திசை வேறு. பெட்டியிலிருந்து எடுத்ததும் பழையதின் பக்கத்தில் வைத்து மரை சாயும் திசையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பாகங்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். ஐபோல்ட் சேசிஸ் சட்டத்தைத் துளைத்துப் போகும் இடத்தையும், டார்ஷன் பாரின் பின் முனை கட்டப்பட்ட குறுக்குச் சட்டத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இரும்பு பொத்தலாகி முனை உள்ளே போனால், முதலில் வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். துருப்பிடித்த சட்டத்தில் புது புஷ் நிற்காது. அந்தக் குறுக்குச் சட்டம் கிழிந்தால் டார்ஷன் பார் தளர்ந்து காரின் ஒரு பக்கம் விழுந்துவிடும்.

கழற்றுவதற்கு முந்தைய நாள் எல்லா நட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் சமதரையில் காரை நிறுத்தி, பானட்டைப் பிடித்து முன்புறத்தை ரெண்டு மூன்று தரம் அமுக்கி விட்டு, இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஐபோல்ட் மையத்தின் உயரத்தையும், கீழ் பின்னின் மையத்தின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து அளப்பதை நம்ப வேண்டாம். பழைய காரில் மட்கார்டுகள் எத்தனை தரம் மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த அளவு இருந்தால் பின்னால் உயரம் சரிசெய்யும்போது ஊகிக்க வேண்டியதில்லை.

பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்புறத்தைத் தூக்கி சேசிஸ் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தைக் கழற்றிய பின் லோயர் ஆர்முக்கு அடியில் மரத்துண்டு வைத்து டிராலி ஜாக்கியைக் கொடுத்து விசையை வாங்கிக்கொள்ளுங்கள். கால் கழன்ற பிறகு நீங்களே மெதுவாக இறக்கும் நேரம் தவிர, வேலை முடியும்வரை அந்த ஜாக்கி நகரவே கூடாது. கால் விடுபட்ட நொடியில் டார்ஷன் பாரில் மிச்சமிருக்கும் விசை முழுவதும் லோயர் ஆர்ம் வழியாகக் கீழே அடிக்கும். விரலோ முழங்காலோ கீழே இருந்தால் எலும்பு தப்பாது.

முதலில் டை ராட் எண்ட். நட்டை முழுவதும் கழற்றாமல் ஓரிரு மரை விட்டு வையுங்கள். ஸ்டீயரிங் கையின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் சுருக்கென்று ஒன்று போட்டால் கூம்பாக இறுகியிருக்கும் பின் விட்டுவிடும். பின்னின் மரை முனையில் அடித்தால் மரை நசுங்கிப் போகும். கவட்டைப் புல்லரைத் திணித்து அடித்தால் பூட் கிழியும். புது எண்ட் போடப்போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. பழைய எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, லாக் நட்டின் இடத்தைப் பெயின்ட்டால் குறித்து வையுங்கள்.

அடுத்து பிரேக் டிரம், ஹப், பிறகு பிரேக் ஷூக்கள் பூட்டிய பேக் பிளேட். பேக் பிளேட்டை பிரேக் ஹோஸோடு அப்படியே எடுத்து, கம்பி கட்டி மேலே தொங்க விட்டால் பிரேக் ஆயில் பைப்பைத் திறக்கவே வேண்டாம், பிறகு காற்று எடுக்கும் வேலையும் மிச்சம். ஹோஸில் எடை தொங்க விடாதீர்கள். ஹப்பைக் கழற்றும் போதே பேரிங்கைப் பாருங்கள். மைனரில் முன் பேரிங்குகள் பால் பேரிங், நடுவில் ஸ்பேசர் உண்டு. டேப்பர் பேரிங்கைப்போல நட்டை இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தும் பழக்கம் இங்கே செல்லாது. ஸ்பேசரோடு முழுக்க இறுக்க வேண்டும்.

மேலே டாம்பர் கையிலிருக்கும் பின்னின் நட்டைக் கழற்றி ரப்பர் புஷ்களை எடுங்கள். கீழே டை பாரை லோயர் ஆர்மிலிருந்து விடுவித்து, கீழ் பின்னின் ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுங்கள். லோயர் ஆர்ம் முன் பாதி, பின் பாதி என்று இரண்டு துண்டு. முன் பாதியைப் பிரித்தெடுத்தால் கால் பின்னை விட்டு முன்னோக்கி நழுவி வந்துவிடும். வராமல் அடம்பிடித்தால் காரணம் ஒன்றுதான், கிரீஸ் போகாமல் பின் டிரன்னியனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டியிருந்தால் பின் சுழலாமல் ஆர்மின் துளையிலேயே ஆடியிருக்கும். ஆர்மின் துளையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் ஆர்மையும் மாற்றியே ஆக வேண்டும். அதில் புது பின்னைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் சில வாரத்தில் தளரும்.

ஐபோல்ட் புஷ்ஷை மாற்றுவதாக இருந்தால் இப்போது ஜாக்கியை மெதுவாக இறக்கி டார்ஷன் பாரை முழுவதும் தளர விடலாம். பாரைப் பல்லிலிருந்து பிரிப்பதற்கு முன், பாரிலும் ஆர்மிலும் ஒரே கோட்டில் பெயின்ட் குறி வையுங்கள். பாரில் உளி, பன்ச், ரம்பம் எதுவும் படக்கூடாது. முறுக்கு வாங்கும் கம்பியில் ஒரு சிறு கீறல் இருந்தால்கூட விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இடது பாரை வலது பக்கம் போடவும் கூடாது. வருடக்கணக்காக ஒரு பக்கம் முறுக்கி பழகிய கம்பியை எதிர்த்திசையில் முறுக்கினால் உடையும்.

மறுபடி பொருத்துவதில் கவனம் குவிய வேண்டிய இடம் டிரன்னியன் திருகுவது. கிரீஸ் தடவி கிங் பின்னில் கையால் திருகிக்கொண்டே போய், கடைசியில் முட்டும் இடத்தை அடையுங்கள். அங்கேயே விட்டுவிட்டால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மரை முட்டி இறுகி, டிரன்னியனிலோ ஆர்மிலோ விசை ஏறும். முட்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சுற்று திரும்பக் கழற்றி, துளை லோயர் ஆர்முக்கு நேராக வரும் நிலையில் நிறுத்துங்கள். அதற்கு மேலே கழற்றாதீர்கள். பிடிப்புக்கு இருக்கும் மரையின் நீளம் குறைந்துகொண்டே போகும். ஹப் போடுவதற்கு முன்பே காலைக் கையால் இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் இறுகாமல் சுழல வேண்டும்.

கீழ் பின்னைப் பொறுத்தவரை ஆர்மின் இரண்டு பாதியும் பின்னை இறுகப் பிடிக்க வேண்டும், டிரன்னியன் மட்டும் பின்மேல் தடையில்லாமல் சுழல வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு டிரன்னியன் கையால் அசையவில்லை என்றால் சீலோ வாஷரோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் பாருங்கள், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள்.

ரப்பர் புஷ் எதையும் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்காதீர்கள். இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை இது. ரப்பர் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் இருக்கும். சில மாதத்தில் விளிம்பிலிருந்து கிழிந்து தூளாகக் கொட்டும். ரப்பரின் தரத்தைத் திட்டுவார்கள். தரம் குறைந்த புஷ்கள் சந்தையில் இருப்பது உண்மைதான், ஆனால் நல்ல ரப்பரும் இப்படிப் போட்டால் நிற்காது. நட்டுகளை லேசாக இறுக்கி வைத்து, சக்கரம் போட்டு, காரைத் தரையில் இறக்கி, முன்புறத்தை அமுக்கி விட்டு, அதன் பிறகே மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி ஸ்பிளிட் பின் போடுங்கள். டை பாரின் முன்முனை ரப்பருக்கும் இதே விதி. அது தேய்ந்திருந்தால் பிரேக் மிதிக்கும்போது சக்கரமே பின்னால் நகர்ந்து 'டக்' என்ற சத்தம் வரும், கார் ஒரு பக்கம் இழுக்கும். பாலியுரத்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். இந்த மெல்லிய காரில் அது சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவரும். நல்ல ரப்பர் கிடைக்கும்வரை ரப்பரே என் தேர்வு.

டாம்பருக்கு டாம்பர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலோ பிரேக் ஆயிலோ கூடாது. பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் சீலைக் கெடுத்துவிடும். நிரப்பும் அடைப்பானைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் துடையுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும். விளிம்புவரை நிரப்பாமல் சிறிது காற்று இடைவெளி விட்டு வையுங்கள். ரேக்குக்கு ஈ.பி. 90 கியர் ஆயில். பூட் கிழிந்திருந்தால் அது வழியே ஆயில் வடிந்து, மண் உள்ளே போய் ரேக்கின் பல்லைத் தின்றிருக்கும். பூட்டை மட்டும் மாற்றிவிட்டு ரேக்கைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கிரீஸ் நிப்பிளைப் போடும் முன் ஊதிப் பாருங்கள், பெயின்ட் அடைத்த நிப்பிள்களால் செத்த டிரன்னியன்கள் ஏராளம். கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும்போது கீழ் டிரன்னியனின் மேல் சீலை ஒட்டிக் கிரீஸ் பிதுங்கி வெளியே வர வேண்டும். அழுக்குக் கிரீஸ் வந்து, பிறகு நிறம் தெளியும்வரை அடியுங்கள். வரவில்லை என்றால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இதற்கும் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில்தான் கொடுக்க வேண்டும். மரையின் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போவது அப்போதுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று, டை ராட் எண்டில் ஒன்று என்று பக்கத்துக்கு மூன்று நிப்பிள். 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1600 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடித்தால் போதும். மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டியிருந்தால் அந்த வாரமே. ஸ்டீயரிங் திடீரென்று கனத்து, திருப்பிய பிறகு நேராகத் திரும்பி வர மறுத்தால் பலர் ரேக்கைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது வறண்டுபோன டிரன்னியன்தான்.

உயரம் ஒரு பக்கம் குறைந்திருந்தால் டார்ஷன் பாரின் பின் முனையில் இருக்கும் துளைத் தகட்டை அடுத்த துளைக்கு மாற்றிச் சரிசெய்யலாம். அதற்கும் போதவில்லை என்றால் லீவரைப் பாரின் பல்லில் ஒரு பல் நகர்த்தலாம். உயரம் அமைந்த பிறகே அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ-வும், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவும், மாறிவிடும். மைனருக்கு டோ-இன் 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டர். ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து, இரண்டு டை ராடையும் ஒரே அளவு திருகிச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாக வரும், ஆனால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும், திரும்பும் வட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இராது. சக்கரமும் கிங் பின்னும் சாய்ந்து நிற்கும் கோணங்களான கேம்பரும் கேஸ்டரும் இந்தக் காரில் திருகிச் சரிசெய்ய முடியாதவை. அலைன்மென்ட் கடைக்காரர் அந்த எண்கள் சரியில்லை என்று காட்டினால், தேய்ந்த புஷ், வளைந்த ஆர்ம், தேய்ந்த டாம்பர் மூன்றில் ஒன்று மிச்சம் இருக்கிறது.

முதல் 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் உட்காரும், டை பார் முன் நட்டும் ஐபோல்ட் நட்டும் கால் சுற்று ஏற்கும். அப்போதே மறுபடியும் ஆறு நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிடுங்கள்.